பிள்ளையின் படிப்பும் பெற்றோர் ஆசையும்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் ஆதரவில், கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், தோட்டக் கிராணியும் கிளைக் காரியதரிசியுமானவர் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சு என்றால் இம்மண்டபம் நிரம்பும். வேறு எதற்கும் நிரம்பி நாம் பார்த்ததில்லை. இன்று நிரம்பியிருக்கிறது. ஏனென்றால் பரீட்சை முடிவு வந்துவிட்டது. சில வீடுகளில் கோழி அடித்தார்கள்; சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். லயத்து வீட்டுக்கு வீடு சுவர் ஒன்றுதான். அடுத்த வீட்டுச் சிரிப்பும் கேட்கும், அழுகையும் கேட்கும். ஒரு வாரமாகப் பெரட்டில் ஒரே கேள்வி: "ஒம் புள்ளைக்கு எத்தன ஏ?" இந்தக் கேள்வியைக் கேட்காதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். நாமும் தூக்கமாட்டோம். கேட்டிருக்கிறோம்.

பெற்றோர் ஆசைப்படுவது குற்றம் என்று சொல்ல இங்கு வரவில்லை. விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் நிரையேறுகிறவன் தன் பிள்ளைக்கு வேறு வாழ்வு வேண்டுமென்று நினையாமல் வேறு எதை நினைப்பான்? மழை பெய்தால் மரம் ஈரம். மரம் ஈரமென்றால் வெட்டு இல்லை. குளித்தாலும் போகாத பால் நாற்றத்தோடு சோற்றைப் பிசையும்போது, "நம்ம புள்ள கையி இப்படி நாறக்கூடாது" என்று ஒரு தாய் சொன்னால், அதற்கு யார் மறுமொழி சொல்ல முடியும்?

அந்த ஆசை நேற்று முளைத்ததுமல்ல. பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கவேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. பெயருக்கு ஒரு கொட்டகை, ஓய்ந்த நேரத்தில் பாடஞ்சொல்ல ஒரு கங்காணியோ கிராணியோ என்று அநேக தோட்டங்களில் ஒப்பேற்றினார்கள். அதில் நாலெழுத்துப் படித்தவனுக்கு ஆபீசில் ஒரு நாற்காலி கிடைத்தால் ஊரே அண்ணாந்து பார்த்தது. அக்காலத்துத் தகப்பனின் உச்ச ஆசை கிராணி வேலை. அந்த நாற்காலியில் இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோம். உச்சத்தில் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. கிராணி ஆசை வாத்தியார் ஆசையாயிற்று. வாத்தியார் ஆசை டாக்டர் ஆசையாயிற்று. ஏணி நீண்டிருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஏணியில் ஏறுகிற பிள்ளையின் காலைப் பார்க்கிறோமா, உச்சிப் படியை மட்டும் பார்க்கிறோமா? அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

பழைய சங்கதி ஒன்றை இங்கே சொல்லவேண்டும். 1950-களில் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் முரசு' மூலமாக 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி திரட்டினார். மலாயாப் பல்கலைக் கழகத்தின் இந்திய இயல் பகுதியில் தமிழ் நிலைக்கவேண்டும், அதற்குத் தமிழ் நூல்கள் வேண்டும் என்பதற்காக. அப்பகுதி 1956-இல் தொடங்கிற்று. தோட்டத்து மக்களும் ஆளுக்கு ஒரு வெள்ளியென்று கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் எத்தனை பேருக்குப் பல்கலைக் கழகத்து வாசல் எந்தப் பக்கம் என்று தெரியும்? தம் பிள்ளை அங்கே போகும் என்று எதிர்பார்த்துக் கொடுத்தவர் மிகச் சிலர். யாரோ பெற்ற பிள்ளை படிக்கட்டும் என்று கொடுத்தார்கள். கொடுத்த வெள்ளிக்குக் கணக்குக் கேட்கவில்லை. நாமோ பெற்ற பிள்ளையிடம் தினந்தோறும் கணக்குக் கேட்கிறோம்.

இனி நம் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லப்போகிறோம். சம்பந்தப்பட்ட தோழரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறோம். பெயரைச் சொல்லவேண்டாம் என்றார். சொல்லாவிட்டாலும் உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் இருங்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், பால் நிறுத்துக் குளித்துவிட்டு, அத்தோழர் மகளை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். பெண் எஸ்.டி.பி.எம். தேறியிருந்தாள். சராசரிப் புள்ளி 3.4-க்கு மேல். ஆறாம் படிவம் எவ்வளவு கடினமென்று படித்தவர்களுக்குத் தெரியும்; தோட்டத்துப் பஸ்ஸை நம்பிப் போய்வந்த பெண்ணுக்கு அது சாதாரணப் புள்ளியல்ல. பல்கலைக் கழகங்களுக்கான பொது விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் பூர்த்தி செய்யவேண்டும். பன்னிரண்டு விருப்பங்களை வரிசைப்படுத்தலாம். நாம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோம். தகப்பனார் நம் வலப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தார். பெண் கதவோரம் நின்றாள். அவளுக்கு நாற்காலி போடவேண்டுமென்று நமக்குத் தோன்றவில்லை.

"எல்லாத்துலயும் டாக்டர் படிப்பே போடுங்க கிராணியாரே" என்றார்.

"அண்ணே, இந்தப் புள்ளிக்கு அது கெடைக்கிறது கஷ்டம். நாலுக்கு நாலு வச்சிருக்கிறவங்களே வரிசையில நிக்கிறாங்க."

"கேட்டாத்தானே கெடைக்கும்? போடுங்க."

போட்டோம். மருத்துவம் முடிந்ததும் பல் மருத்துவம், அது முடிந்ததும் மருந்தாளர் படிப்பு. பன்னிரண்டு கட்டங்களும் நிரம்பிவிட்டன. செக்ரோலில் பெயர் நிரப்புவதுபோல் நிரப்பினோம். கடைசியில் ஒரு மரியாதைக்கு, "என்னம்மா, சரிதானே?" என்று கேட்டோம். "சரிங்க ஐயா" என்றாள். தகப்பன் எதிரே, கிராணி எதிரே, இருபது வயதுப் பெண் வேறு என்ன சொல்வாள்? அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு பொத்தானை அழுத்திவிட்டோம்.

ஓர் இடமும் கிடைக்கவில்லை. மேல்முறையீட்டிலும் அதே பட்டியலை அனுப்பினோம். அதே பதில் வந்தது.

இதற்குமேல்தான் கதை கனக்கிறது. தனியார் கல்லூரி ஒன்றுக்கு ஆள் பிடிக்கும் ஒருவர் தோட்டத்துக்கு வந்தார். பளபளக்கும் தாள், வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்ணின் படம். டாக்டர் படிப்பு முழுவதற்கும் மூன்று லட்சம் வெள்ளிக்குக் குறையாது. இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக் கணக்கில் பார்த்தாலும், உண்ணாமல் உடுக்காமல் 176 மாதம், அதாவது பதினாலரை ஆண்டுக்குமேல் உழைக்கவேண்டும். நாம் கணக்குப் பிள்ளையாதலால் இதைப் போட்டுக் காட்டினோம். தோழரோ, "சேமநிதி இருக்கு" என்றார். இரண்டாம் கணக்கிலிருந்து படிப்புக்கு எடுக்கலாம் என்பது அன்றைய சட்டம். அவருக்கு அப்போது வயது 54. ஓராண்டு பொறுத்தால் 55, முழுவதையும் எடுத்துவிடலாம். மீதிக்குக் கடன்.

தோழர்களே, இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். பட்டணத்துத் தகப்பன் சேமநிதியை எடுத்தால் கிழவயதில் சிக்கனமாக இருப்பான். தோட்டத்துத் தகப்பன் எடுத்தால்? நாம் குடியிருக்கும் லயம் நம்முடையதல்ல. 60 வயதில் பேர் வெட்டினால் வீட்டுச் சாவியையும் கொடுக்கவேண்டும். அதன்பின் தலைக்குமேல் கூரை என்று ஒன்று இருந்தால் அது சேமநிதியிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே நம் வீடுகளில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் தகப்பனின் வீடும் ஒரே பையில் கிடக்கின்றன. பெரியவர்கள் அதைப் பேசுவதில்லை. பிள்ளைகளுக்கு அது தெரியாது என்று நினைக்கிறோம். நன்றாகத் தெரியும். இராத்திரி சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டு அவர்கள் போடும் கணக்கு நம் செக்ரோல் கணக்கைவிடத் துல்லியமானது.

அந்தப் பெண் சாப்பிடுவதை நிறுத்தினாள். வெளியே வருவதில்லை. யார் வந்தாலும் பின்கட்டுக்குப் போய்விடுவாள். 'கண்ணூறு' என்று மந்திரித்தார்கள், மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். தாயார் அழுதுகொண்டே நம் வீட்டம்மாவிடம் வந்து சொன்னார். வீட்டம்மா போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தலைவாரிவிட்டபடி ஒரு மணி நேரம் ஒன்றும் கேட்காமல் இருந்தாராம். அப்புறம் அவளே பேசினாள்: "அக்கா, அப்பாவோட வீட்டத் தின்னுட்டு நான் பாஸ் பண்ணலன்னா, அப்புறம் நான் எப்படிக்கா அவரு மூஞ்சில முழிப்பேன்?"

உனக்கு என்னதான் ஆசை என்று கேட்டதற்கு, விவசாய விஞ்ஞானம் என்றாளாம். செர்டாங்கில் படிக்கவேண்டும். மரத்துக்கு வரும் நோய், மண்ணுக்கு வேண்டிய சத்து, இதெல்லாம் படிக்கவேண்டும். ஏன் முன்பே சொல்லவில்லை? பத்தாம் வகுப்பு வயதில் ஒருமுறை சொன்னாளாம். "மண்ண விட்டு வெளிய போகத்தான் படிக்க வக்கிறேன், திரும்பவும் மண்ணா?" என்று தகப்பனார் கேட்டாராம். அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

தகப்பனார் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. அவருக்கு மண் என்றால் அட்டையும் மழையும் துரையின் குரலும். 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1971-இல் பல்கலைக் கழகமாகிய செர்டாங்கில், அதே மண்ணைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கி ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்க்கலாம் என்பது அவருக்கு யார் சொல்லித் தெரியும்? சொல்லவேண்டியவன் கிராணி. அந்தக் கிராணி பன்னிரண்டு கட்டம் நிரப்புவதில் மும்முரமாயிருந்தான்.

அவரிடம் போய்ப் பேசினோம். கோபித்துக்கொண்டார். நான்கு மாதம் நம்மோடு பேசவில்லை. பால் நிறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் அவராகவே ஸ்டோர் வாசலில் நின்று சொன்னார். தோட்டத்தில் அவரைப்போல் மரத்தில் காயம் படாமல் வெட்டுகிறவர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். "பட்டையோட நின்னிருக்கணும் கிராணியாரே. கட்டையில பட்டுருச்சு" என்றார். அவ்வளவுதான். மறுவருஷ விண்ணப்பத்துக்கு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்; நாம் நின்றோம். இடைப்பட்ட ஓராண்டு பட்டணத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதினாள். இப்போது செர்டாங்கில் மூன்றாம் ஆண்டு முடிக்கப்போகிறாள். தகப்பனார் பட்டணத்துக்கு வெளியே ஒரு மலிவு வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார். ஆசை போய்விட்டதா என்றால், இல்லை. "பேரப்புள்ளையாவது டாக்டர் ஆகட்டும்" என்கிறார். மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை!

டாக்டர் படிப்பு வேண்டாமென்று நாம் சொன்னதாக நாளை பெரட்டில் யாரும் கதை கட்டவேண்டாம். தோட்டத்துப் பிள்ளைகள் டாக்டராகியிருக்கிறார்கள், நமக்குப் பெருமைதான். ஆனால் டாக்டர் என்றால் அரசாங்கத்தில் நிரந்தர வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த காலம் மாறிவிட்டது. 2016 டிசம்பர் முதல் புதிய டாக்டர்களை அரசாங்கம் ஒப்பந்த முறையில் எடுக்கத் தொடங்கிற்று. 2021 ஜூலை 26-ஆம் தேதி ஒப்பந்த டாக்டர்கள் ஆஸ்பத்திரி வாசலில் கறுப்புச் சட்டையோடு நின்று வேலை நிரந்தரம் கேட்டார்கள். தொழிற்சங்கக்காரர்களாகிய நமக்கு அது பழகிய காட்சி. வெள்ளைக் கோட்டுக்குள்ளும் ஒரு தொழிலாளிதான் இருக்கிறான்.

அடுத்து, இந்த 'ஏ' கணக்கு. 2024 ஜூனில், எஸ்.பி.எம்.-இல் 10 ஏ-யும் அதற்கு மேலும் எடுத்த எந்த இனத்து மாணவருக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். அது நாம் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்த நியாயத்தில் ஒரு பங்கு; வரவேற்றோம். ஆனால் அந்தப் பத்து என்ற எண் நம் லயத்துக்குள் நுழைந்து புது அளவுகோலாகிவிட்டது. ஒன்பது ஏ எடுத்த பையனிடம், "அந்த ஒண்ணு எங்கடா?" என்று கேட்ட தகப்பனை நாம் இந்தக் காதால் கேட்டோம். அந்த ஒன்பதுக்கு ஒரு முட்டையாவது பொரித்துக் கொடுத்தாரா, தெரியாது.

மெட்ரிகுலேஷன் கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடவில்லை. ஆறாம் படிவம் இருக்கிறது. 2012 முதல் எஸ்.டி.பி.எம். மூன்று பருவமாகப் பிரிந்திருக்கிறது. முன்போல் ஒரே பரீட்சையில் தலையெழுத்து முடிவதில்லை. அரசாங்கப் பள்ளியில் படிப்பதால் பெருங்கட்டணம் இல்லை. பொலிடெக்னிக் இருக்கிறது; ஈப்போவில் உங்கு ஓமார் பொலிடெக்னிக் 1969-இல் தொடங்கியது, அதுவே முதலாவது. பருவத்துக்குச் சில நூறு வெள்ளிக் கட்டணத்தில் டிப்ளமா வாங்கி, அப்புறம் பட்டப்படிப்புக்கும் போகலாம். கைத்தொழில் பயிற்சிக் கழகங்களும் உண்டு. மின்சாரம், வெல்டிங், குளிர்சாதனம் என்று படித்தவர்கள் நம்மைவிட நல்ல சம்பளம் வாங்குகிறார்கள். இதை இலேசான பொறாமையோடுதான் சொல்கிறோம். இவற்றைத் 'தோற்றவன் போகும் இடம்' என்று லயத்தில் பேசுவதை நிறுத்தவேண்டும்.

பல்கலைக் கழக இடத்துக்கு மதிப்பெண் கணக்கிடும்போது 90 பங்கு பரீட்சைக்கு, 10 பங்கு புறப்பாட நடவடிக்கைக்கு. அந்தப் பத்தில்தான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டபின் பந்து விளையாடவும் சாரணர் படையில் நிற்கவும் தங்கினால் தோட்டத்து பஸ் போய்விடும். இது பிள்ளையின் குற்றமல்ல. வண்டி ஏற்பாடு செய்யாத நம் குற்றம். நிர்வாகத்திடம் கிளைச் சங்கம் இதைக் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறது. பதில் வரவில்லை. மறுபடியும் கேட்போம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1997 முதல் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் இருக்கிறது. அது தானமல்ல, கடன். நூற்றுக்கு ஒன்று நிர்வாகக் கட்டணம் உண்டு. படித்து முடித்தபின் பிள்ளைதான் கட்டவேண்டும். விண்ணப்பிக்கப் பிள்ளை பேரில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும். கடைசி நாளில் ஓடாமல் இப்போதே திறந்துவிடுங்கள். துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வைத்திருப்பவர்கள் அங்கத்தினர் பிள்ளைகளுக்கான கல்வி உதவியை விசாரியுங்கள். தாத்தா காலத்துப் பங்குப் பத்திரம் பெட்டியடியில் கிடந்தாலும் எடுத்துவாருங்கள், பார்க்கலாம். சேமநிதி விஷயம்: 2024 மே முதல் கணக்கு மூன்றாகியிருக்கிறது, படிப்புக்குச் செஜாதெரா கணக்கிலிருந்து எடுக்கலாம். எடுக்குமுன் வீட்டுக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுப் போடாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்துப் போடுங்கள். இருட்டில் அது போடும் கணக்கைவிட வெளிச்சத்தில் போடும் கணக்கு பயம் குறைந்தது.

பின்வரிசைத் தம்பி தங்கைகளே, இப்போது உங்களிடம். அப்பா கேட்பதற்கெல்லாம் "சரிங்க" என்று சொல்வது மரியாதை என்று நினைக்காதீர்கள். அந்தப் பெண்ணின் ஒரு "சரிங்க ஐயா" அவளுக்கு ஓராண்டுச் செலவு. நேரே சொல்ல வாய் வராவிட்டால் அம்மாவிடம் சொல்லுங்கள், மாமாவிடம் சொல்லுங்கள், வாத்தியாரிடம் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தாலும் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். முடிவு வரும் நாளில் நள்ளிரவு முதல் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருப்பதால் முடிவு மாறாது. தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை, உயிரோடிருந்து என்ன பயன் என்று ஒரு நினைப்பு வருகிறது என்றால், அதை மறைக்காதீர்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி எண் 15555. சங்கப் பலகையிலும் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறோம். கூப்பிட்டவன் பைத்தியக்காரன் என்று யாராவது சிரித்தால் அவர் பெயரை நம்மிடம் சொல்லுங்கள்.

நம் சொந்தத் தகப்பனாரும் நம்மை வாத்தியாராக்க ஆசைப்பட்டார். எஸ்.பி.எம். புள்ளி போதவில்லை. ஆபீசில் சேர்ந்த அன்று ஒன்றும் சொல்லாமல் ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார். அது ஏமாற்றமா, வாழ்த்தா என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். அவர் இப்போது இல்லை.

சனிக்கிழமை மாலை 5 மணிக்குச் சங்க அறையில் விண்ணப்பம் பூர்த்தி செய்கிறோம். அடையாளக் கார்டு, பரீட்சைப் பத்திரம், புறப்பாடச் சான்றிதழ், பெற்றோர் சம்பளச் சீட்டு எல்லாம் கொண்டுவாருங்கள். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நாற்காலி போட்டிருப்போம், அது பிள்ளைக்கு. பெற்றோருக்குப் பின்னால் பெஞ்சு இருக்கிறது, தேநீரும் உண்டு. மழை வந்து மின்சாரம் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள்.